இரண்டுங்கெட்டான் வாத்தியம் இரண்டையும் இணைத்தது!

கிட்டாரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சினிமாவில் கதாநாயகன் தோளில் மாட்டிக்கொண்டு பாடுவானே, அதுதான். அதில் 6 தந்திகள் உண்டு.

அதற்கு அண்ணன் போல இன்னொரு வாத்தியம் இருக்கிறது. அதன் பெயர் பேஸ். கழுத்து நீளம், தந்திகள் தடிமன், எண்ணிக்கை 4. குரலோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கனமாக ஒலிக்கும்.

தம்பி முன்னால் நின்று பாடுவான். அண்ணன் பின்னால் நின்று பாட்டைத் தாங்குவான். மேல்நாட்டுக் கச்சேரிகளில் இதுதான் ஏற்பாடு.

இந்த இருவருக்கும் நடுவில் ஒரு பிள்ளை பிறந்தது. உருவத்தில் அது கிட்டார். குரலில் அது பேஸ். தந்திகள் 6. "ஆறு தந்தி பேஸ்" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால்! இப்படிப்பட்ட வாத்தியத்தை யார் வாசிப்பார்கள்? கிட்டார் வாசிக்கிறவருக்கு இதன் தந்திகள் தடிமன். பேஸ் வாசிக்கிறவருக்கோ தந்திகள் நெருக்கம். "இரண்டுங்கெட்டான்" என்று மூலையில் சாத்திவிடத்தான் தோன்றும்.

ஆனால் அது மூலையில் கிடக்கவில்லை. கேட்டவர்கள் மறக்க முடியாத சில பாட்டுகளில் அதன் குரல் கலந்திருக்கிறது. அந்தக் கதையைப் பார்ப்போம்.

அப்பாவும் மகனும்

முதலில் ஒரு சிறு கணக்கு.

அப்பாவும் 5 வயது மகனும் ஒரே பாட்டைச் சேர்ந்து பாடுகிறார்கள். சுரம் ஒன்றுதான். ஆனால் அப்பாவின் குரல் கீழே ஒலிக்கிறது. மகனின் குரல் மேலே ஒலிக்கிறது. இந்த இடைவெளியைத்தான் ஒரு ஸ்தாயி என்கிறோம்.

கிட்டாருக்கும் ஆறு தந்தி பேசுக்கும் உள்ள உறவு இதுதான். இரண்டிலும் தந்திகளுக்குச் சுருதி சேர்க்கும் முறை ஒன்றே. கிட்டாரில் எந்த இடத்தில் விரல் வைத்து எந்தச் சுரத்தை வாசிக்கிறோமோ, இதிலும் அதே இடத்தில் அதே சுரம் பேசும். ஆனால் ஒரு ஸ்தாயி கீழே பேசும்.

கிட்டாரின் அடித் தந்தி ஒரு வினாடியில் ஏறக்குறைய 82 முறை அதிர்கிறது. ஆறு தந்தி பேசின் அடித் தந்தி அதில் பாதி, அதாவது 41 முறை அதிர்கிறது. சாதாரண 4 தந்தி பேசின் அடித் தந்தியும் அதே 41தான்.

ஆகவே, கீழே பேசின் ஆழம் வரை இந்த வாத்தியத்தால் இறங்க முடியும். மேலே கிட்டாரின் எல்லைக்குள்ளும் ஏற முடியும்.

நீளத்திலும் இது நடுப்பிள்ளைதான். பெண்டர் என்ற அமெரிக்கக் கம்பெனியின் கிட்டாரில் தந்தி அதிரும் நீளம் 25½ அங்குலம். அதே கம்பெனியின் பேசில் 34 அங்குலம். ஆறு தந்தி பேசில் 30 அங்குலம்!

உதட்டுச் சாயக் குழாய்

இந்த வாத்தியத்தை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் நேதன் டேனியல். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் "டான்எலெக்ட்ரோ" என்ற கம்பெனியை நடத்தியவர்.

ஏழை வீட்டுப் பிள்ளையும் வாங்கக்கூடிய விலையில் வாத்தியம் செய்வது அவருடைய தொழில். அதற்காக அவர் கையாண்ட வழிகள் விசித்திரமானவை.

விலை உயர்ந்த மரத்தைக் கடைந்து உடலைச் செய்யவில்லை. மர நாரை அழுத்திச் செய்த அட்டைப் பலகையை, மரச்சட்டத்தின் மேல் ஒட்டினார்.

மின்சார வாத்தியத்துக்கு உயிர்நாடி "பிக்கப்". தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தக் கருவி அது. அதை மூடி வைக்க ஒரு உறை வேண்டும். டேனியல் என்ன செய்தார் தெரியுமா? பெண்கள் உதட்டுச் சாயம் வைத்திருக்கும் உலோகக் குழாயை அதற்குப் பயன்படுத்தினார்!

1956ஆம் ஆண்டில் டான்எலெக்ட்ரோ கம்பெனியின் ஆறு தந்தி பேஸ் வெளிவந்தது.

வாசிக்கத் தெரியாத நிபுணர்

5 ஆண்டுகள் சென்றன. 1961ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலிருந்து இன்னொரு ஆறு தந்தி பேஸ் வந்தது. அதை வெளியிட்டவர் லியோ பெண்டர்.

லியோ பெண்டர் 1909ஆம் ஆண்டில் பிறந்தவர். சிறு வயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர். கணக்கு எழுதும் வேலைக்குப் படித்தார். பிறகு 1938ஆம் ஆண்டில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்தார்.

உலகப் புகழ் பெற்ற கிட்டார்களைச் செய்த இந்த மனிதருக்கு, கிட்டார் வாசிக்கத் தெரியாது!

தெரியாததால் நஷ்டமில்லை. வாசிக்கத் தெரிந்தவர்களிடம் வாத்தியத்தைக் கொடுப்பார். அவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்பார். பட்டறைக்குத் திரும்பிப் போய்த் திருத்துவார்.

1951ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட 4 தந்தி மின்சார பேஸ், மேல்நாட்டு இசைக்குழுக்களையே மாற்றியது. அதுவரை ஆள் உயரப் பெரிய பேசைத்தான் நிற்க வைத்து வாசித்து வந்தார்கள். அதை ஊருக்கு ஊர் தூக்கிச் செல்வது பெரும்பாடு. பெண்டர் செய்ததைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம்.

அடுத்து வந்த ஆறு தந்தி பேசுக்கு அவருடைய கம்பெனி வைத்த பெயர் "பேஸ் 6". அதில் 3 பிக்கப்புகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்விட்ச். சுரத்தை நடுங்கச் செய்ய ஒரு சிறு கைப்பிடி.

டிக்... டாக்...

அமெரிக்காவின் தெற்கில் நாஷ்வில் என்று ஒரு நகரம். நாட்டுப்புறப் பாட்டுகளை இசைத்தட்டாக்கும் தொழில் அங்கே பெரிய தொழில்.

அங்கே ஒரு சங்கடம் இருந்தது.

ஆள் உயரப் பெரிய பேசின் நாதம் நேரில் கேட்க இனிமை. ஆனால் இசைத்தட்டில் பதிந்து, சின்ன ரேடியோவில் கேட்டால் அந்த நாதம் பாதி காணாமல் போய்விடும். சிறிய ஒலிபெருக்கிக்கு அவ்வளவு கனமான ஒலியை வெளியே தள்ளும் சக்தி கிடையாது.

இதற்கு நாஷ்வில் வாத்தியக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். பெரிய பேஸ் என்ன வாசிக்கிறதோ, அதையே ஆறு தந்தி பேசும் உடன் வாசிக்க வேண்டும். தந்தியை "பிக்" என்ற சிறு வில்லையால் தட்ட வேண்டும். அதே நேரத்தில் உள்ளங்கை ஓரத்தால் தந்தியை லேசாக அமுக்கிக்கொள்ள வேண்டும்.

அப்போது நாதம் நீளாது. கடிகாரம் அடிப்பது போல "டிக், டாக்" என்று அளந்து விழும். பெரிய பேஸ் கனத்தைக் கொடுக்கும். ஆறு தந்தி பேஸ் தெளிவைக் கொடுக்கும். இரண்டும் சேர்ந்து ஒரே வாத்தியம் போலக் கேட்கும்.

இந்த முறைக்கே "டிக்-டாக் பேஸ்" என்று பெயர் வந்துவிட்டது.

இதில் கைதேர்ந்தவர் ஹெரால்டு பிராட்லி. 1926ஆம் ஆண்டில் பிறந்தவர். பையனாக இருந்தபோது பாஞ்சோ என்ற வாத்தியத்தை வாசித்தார். "கிட்டாருக்கு மாறு" என்று அண்ணன் ஓவன் யோசனை சொன்னார். தம்பி கேட்டுக்கொண்டார்.

அண்ணன் ஓவன் பிராட்லி பின்னாளில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஆனார். தம்பி அவருடைய ஒலிப்பதிவுக் கூடத்தில் வாத்தியக்காரர் ஆனார்.

ஊன்றுகோலுடன் வந்த பாடகி

1961ஆம் ஆண்டு ஜூன் மாதம். பாட்சி கிளைன் என்ற பாடகி சென்ற கார், எதிரே வந்த காருடன் மோதியது. நெற்றி பிளந்தது. இடுப்பில் அடி. மணிக்கட்டு முறிந்தது. அப்போது அவருக்கு வயது 28. வீட்டில் சிறு குழந்தைகள்.

இரண்டே மாதம். ஆகஸ்டு 21ஆம் தேதி அவர் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு பிராட்லி சகோதரர்களின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தார். பாட வேண்டிய பாட்டு "கிரேஸி". எழுதியவர் வில்லி நெல்சன். அப்போது அவர் அவ்வளவாகப் பெயர் பெறாத இளைஞர்.

பாட்சி பாடத் தொடங்கினார். மேல் சுரத்துக்கு ஏறும்போது விலா எலும்பு வலித்தது. மூச்சை இழுத்துப் பிடிக்க முடியவில்லை. மறுபடியும் முயன்றார். முடியவில்லை.

ஓவன் பிராட்லி ஒரு முடிவுக்கு வந்தார். வாத்திய இசையை மட்டும் அன்றைக்குப் பதிவு செய்துகொண்டார். குரலைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று பாட்சியை வீட்டுக்கு அனுப்பினார்.

அன்று பாப் மூர் பெரிய பேசை வாசித்தார். ஹெரால்டு பிராட்லி ஆறு தந்தி பேசை வாசித்தார். பாடகி இல்லாத பாட்டு அது. வருகிறவருக்காகப் பாய் விரித்து வைப்பது போல, அவர்கள் இசையை விரித்து வைத்தார்கள்.

உடல் கொஞ்சம் தேறியதும் பாட்சி திரும்பி வந்தார். பதிந்து வைத்த இசையைக் கேட்டுக்கொண்டே பாடினார். இந்த முறை குரல் தடையில்லாமல் ஏறியது.

"கிரேஸி" அமெரிக்காவின் நாட்டுப்புறப் பாட்டு வரிசையில் 2ஆம் இடத்தைப் பிடித்தது. பொது வரிசையில் 9ஆம் இடம்.

1963ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பாட்சி கிளைன் விமான விபத்தில் இறந்தார். அவருக்கு வயது 30தான். பாட்டு மட்டும் நின்றுவிட்டது. அதன் அடியில் ஹெரால்டு பிராட்லியின் "டிக், டாக்" இன்றும் கேட்கிறது.

வராத பேஸ்காரர்

இனி அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போவோம். லாஸ்ஏஞ்சல்ஸ் நகரம். கரோல் கே என்ற பெண்மணியின் கதை இது.

1935ஆம் ஆண்டில் பிறந்தவர். தாய் தந்தை இருவரும் வாத்தியக்காரர்கள். ஆனால் வீட்டில் பணமில்லை. கரோலுக்கு 13 வயதானபோது தாயார் எப்படியோ பணம் தேடி, கிட்டார் கற்றுக்கொள்ள வழி செய்தார். அடுத்த ஆண்டே கரோல் மற்றவர்களுக்குக் கற்றுக் கொடுத்துச் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டார்.

பெரியவரானதும் இசைத்தட்டுகளுக்குக் கிட்டார் வாசித்தார். அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களைக் காப்பாற்ற நிலையான வருமானம் வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்தில் அது கிடைத்தது.

1963ஆம் ஆண்டில் ஒரு நாள். ஒலிப்பதிவுக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். பேஸ் வாசிக்க வேண்டியவர் மட்டும் வரவில்லை. "நீங்கள் வாசியுங்கள்" என்று கரோலிடம் பேசைக் கொடுத்தார்கள்.

வாங்கி வாசித்தார். பிறகு அதை விடவே இல்லை! பாட்டின் கடிவாளம் பேசிடம் இருக்கிறது என்பதை அவர் கண்டுகொண்டார். இன்னொரு சௌகரியமும் இருந்தது. கிட்டார்காரர் நாலைந்து வாத்தியங்களைச் சுமந்து போக வேண்டும். பேஸ்காரருக்கு ஒன்று போதும்.

கிட்டாரிலிருந்து பேசுக்கு வந்த அவரிடம், இரண்டுக்கும் நடுவிலுள்ள வாத்தியமும் இருந்தது. அது டான்எலெக்ட்ரோ ஆறு தந்தி பேஸ்.

முடியாத பாட்டு

1968ஆம் ஆண்டு. கிளென் கேம்பல் என்ற பாடகருக்கு ஒரு புதுப் பாட்டு தேவைப்பட்டது. ஜிம்மி வெப் என்ற இளம் இசையமைப்பாளரைக் கேட்டார்.

வெப் மனத்தில் ஒரு காட்சி இருந்தது. ஓக்லஹோமாவின் பரந்த சமவெளி. கண்ணுக்கெட்டிய தூரம் கம்பங்கள். ஒரு கம்பத்தின் மேலே தன்னந்தனியாக ஒரு லைன்மேன். அந்தத் தொழிலாளியின் ஏக்கத்தைத்தான் அவர் பாட்டாக்கினார். பெயர் "விச்சிட்டா லைன்மேன்".

2 அடிகள் முடிந்தன. 3ஆவது வரவில்லை. "இன்னும் முடியவில்லை" என்று சொல்லியே வெப் பாட்டை அனுப்பினார்.

கேம்பல் காத்திருக்கவில்லை. 3ஆவது அடி இருக்க வேண்டிய இடத்தை என்ன செய்வது? வாத்தியத்தால் நிரப்பலாம் என்று தீர்மானித்தார். ஒலிப்பதிவில் அன்று பேஸ் வாசித்தவர் கரோல் கே. அவருடைய ஆறு தந்தி பேசைக் கேம்பல் கையில் எடுத்தார்.

கேம்பல் சாதாரண ஆளல்ல. பாடகராகப் புகழ் பெறுவதற்கு முன்னால் அவரும் கரோலைப் போல ஒலிப்பதிவுக் கூடத்துக் கிட்டார்காரர்தான். பாட்டின் மெட்டையே, அவசரமில்லாமல், கீழ் ஸ்தாயியில் வாசித்தார்.

கிட்டாராக இருந்தால் அது கூர்மையாகப் பேசியிருக்கும். பேசாக இருந்தால் அடியில் அமுங்கியிருக்கும். இதுவோ நள்ளிரவில் ஒரு ஆண்மகன் தனக்குத் தானே முணுமுணுப்பது போல ஒலித்தது. எழுதாமல் விட்ட 3ஆவது அடியை வாத்தியம் சொல்லிவிட்டது!

பாட்டு நாட்டுப்புற வரிசையில் முதலிடம் பெற்றது. பொது வரிசையில் 3ஆம் இடம். வெப் அந்த 3ஆவது அடியை எழுத வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

பீட்டில்ஸ் வாங்கிய பாடம்

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவிலும் இந்த வாத்தியம் இருந்தது. அந்தக் குழுவில் பேஸ் வாசிப்பவர் பால் மெக்கார்ட்னி. அவர் பியானோவுக்குப் போய்விட்டால் பேசுக்கு ஆள் வேண்டுமே? ஜான் லென்னன் அல்லது ஜார்ஜ் ஹாரிசன் பெண்டரின் "பேஸ் 6"ஐ எடுத்துக்கொள்வார். இருவரும் கிட்டார்காரர்கள். விரல் வைக்கும் இடங்கள் அவர்களுக்குப் பழக்கம்.

1969ஆம் ஆண்டு ஜனவரியில் லண்டனில் "தி லாங் அண்டு வைண்டிங் ரோடு" என்ற பாட்டைப் பதிவு செய்தபோது லென்னன் அதை வாசித்தார். கூர்ந்து கேட்டால் சில இடங்களில் சுரம் தவறுவது தெரியும். அந்தத் தவறுகளோடேயே 1970ஆம் ஆண்டில் இசைத்தட்டு வெளிவந்தது.

லென்னன் பெரிய கலைஞர். ஆனாலும் கிட்டார் தெரிந்தால் மட்டும் இந்த வாத்தியம் வந்துவிடாது. விரல் கிட்டார்காரருடையதாக இருக்கலாம். காது பேஸ்காரருடையதாக இருக்க வேண்டும்!

வாசிப்பது எப்படி?

இந்த வாத்தியத்தைக் கையில் எடுக்கிற கிட்டார்காரர் முதலில் செய்வது என்ன? பழக்க தோஷத்தில் 6 தந்திகளையும் ஒருசேர வருடுவார். "கடமுட" என்று ஒரு இரைச்சல் வரும். "இது சரியில்லை" என்று வைத்துவிடுவார்.

குறை வாத்தியத்தில் இல்லை. ஒவ்வொரு சுரத்துக்குள்ளும் அதற்கு மேலான சின்னச் சின்ன நாதங்கள் ஒளிந்திருக்கின்றன. கீழ் ஸ்தாயியில் பல சுரங்களை அடுத்தடுத்து வைத்து ஒன்றாக ஒலித்தால், அந்த நாதங்கள் ஒன்றோடொன்று முட்டி மோதும். ஆகவே அனுபவசாலிகள் சில முறைகளைக் கையாள்கிறார்கள்.

அடித் தந்திகளில் ஒரு நேரத்தில் ஒரு சுரம் போதும். இரண்டு சுரங்கள் வேண்டுமானால், ஒன்றைக் கீழேயும் ஒன்றை எட்டத்தில் மேலேயும் வைக்க வேண்டும். பல சுரங்களைச் சேர்த்து வாசிக்க ஆசையிருந்தால் மேல் 3 தந்திகளுக்குப் போக வேண்டும்.

தந்திகள் நெருக்கமாக இருப்பதால், பேஸ்காரர் போல விரலால் சுண்டுவது சிரமம். பிக் வில்லைதான் கை கொடுக்கும். அதை மென்மையாகப் பிடித்தால் பாட்டு; உள்ளங்கையால் அமுக்கினால் "டிக்-டாக்".

தந்தியின் தடிமனும் முக்கியம். பெண்டர் போட்டுக் கொடுத்த அடித் தந்தி, ஓர் அங்குலத்தை 1,000 பங்காக்கினால் அதில் 84 பங்கு தடிமன். சாதாரண பேசில் 105 பங்கு வரை இருக்கும். 84 தொளதொளப்பாக இருக்கிறது என்று எண்ணுகிறவர்கள் இன்னும் தடித்த தந்தியைப் போட்டுக்கொள்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. 6 தந்தி உள்ள பேஸ் எல்லாம் இதுவல்ல. அமெரிக்க பேஸ் கலைஞர் ஆன்டனி ஜாக்சன், 1975ஆம் ஆண்டில் கார்ல் தாம்சன் என்ற கைவினைஞரிடம் வேறு வகை ஒன்றைச் செய்து வாங்கினார். சாதாரண பேசின் 4 தந்திகளுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று சேர்த்த வாத்தியம் அது. அது முழுக்க முழுக்க பேஸ்காரருடையது. நடுப்பிள்ளை வேறு, அது வேறு. கடையில் கேட்டு வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

போனது வந்தது

டான்எலெக்ட்ரோ கம்பெனி 1969ஆம் ஆண்டில் மூடப்பட்டது. பெண்டரின் "பேஸ் 6" உற்பத்தி 1975ஆம் ஆண்டில் நின்றது. கதை முடிந்தது என்றே யாரும் நினைப்பார்கள்.

முடியவில்லை. இங்கிலாந்தின் "தி கியூர்" குழுவைச் சேர்ந்த ராபர்ட் ஸ்மித் இதை விடாமல் வாசித்தார். அந்தக் குழு 1989ஆம் ஆண்டில் வெளியிட்ட "டிஸ்இன்டகிரேஷன்" இசைத்தட்டில் இதன் சோகக் குரலைக் கேட்கலாம். 2013ஆம் ஆண்டில் பெண்டர் கம்பெனி குறைந்த விலையிலும் இதை மறுபடி கடைக்குக் கொண்டுவந்தது. டான்எலெக்ட்ரோ பெயரிலும் வாத்தியங்கள் மீண்டும் வந்துவிட்டன.

ஹெரால்டு பிராட்லி 2019ஆம் ஆண்டில், 93 வயதில் காலமானார். ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்கு வாசித்தவர் அவர். அந்தக் காலத்து இசைத்தட்டுகளில் பாடகரின் பெயர் பெரிதாக இருக்கும். உடன் வாசித்தவர்களின் பெயரை அச்சிடும் வழக்கமே கிடையாது.

வீட்டில் யாரிடமாவது கைப்பேசி இருந்தால் "கிரேஸி" பாட்டைப் போடச் சொல்லிக் கேளுங்கள். முதல் முறை பாட்சியின் குரலைக் கேளுங்கள். இரண்டாம் முறை அந்தக் குரலை விட்டுவிட்டு, அதற்கு அடியில் காதை வையுங்கள்.

"டிக், டாக்" என்று ஒருவர் நடந்துகொண்டிருப்பார். அவர்தான் ஹெரால்டு பிராட்லி!